வாஞ்சூரோடு நின்றுபோகும் இயற்கை

(பட்டினச்சேரிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஆணை ஆண் விரும்புவதும், பெண்ணைப் பெண் விரும்புவதும், ஆண் என்று ஊர் சொன்ன ஒருவர் தம்மைப் பெண்ணென்று உணர்ந்து சேலை கட்டுவதும் மேடையில் பேசத்தக்க சங்கதியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஜெயிலில் போடத்தக்க சங்கதியாய் இத்தனை காலம் இருந்தது, மேடையில் பேசமாத்திரம் எப்படித் தகாததாகும் என்று கேட்கின்றோம்.

இவர்கள் இயற்கைக்கு விரோதமானவர்கள் என்பது வைதீகர்களின் வாதம். வெள்ளைக்கார சர்க்கார் 1860இல் எழுதி 1862 முதல் அமுலுக்குக் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவும் அதையே சொல்லி, ஆயுள் தண்டனை வரையில் விதித்தது. எந்த இயற்கைக்கு விரோதம்? வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். இரண்டு பக்கமும் ஒரே கடல், ஒரே காற்று, வலையில் விழுவதும் ஒரே மீன். ஆனால் பிரெஞ்சுக்காரன் தன் புரட்சிக்குப்பின் 1791இல் எழுதிய தண்டனைச் சட்டத்திலேயே இக்குற்றத்தை விட்டுவிட்டான். 1810இல் நெப்போலியன் காலத்துச் சட்டத்திலும் அது கிடையாது. ஆகவே பிரெஞ்சுக் காரைக்காலில் வயது வந்த இருவர் தங்கள் வீட்டில் மனமொத்து இருந்தால் குற்றமில்லை. அவர்களே நாகூரில் போய் இருந்தால் ஆயுள் சிறை! அந்த எல்லையில் சாராயத்தின் விலைதான் மாறும் என்று நினைத்திருந்தோம். இயற்கையும் அங்கே மாறுகின்றதென்று சட்டம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

பிரெஞ்சுக்காரன் யோக்கியன் என்று சொல்ல நாம் வரவில்லை. அவனும் நம் முதுகில் ஏறி உட்கார்ந்தவன்தான். 1954 நவம்பர் 1இல் அவன் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டான். பிறகு 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தப் பகுதிக்கும் நீட்டப்பட்டது. கூடவே 377-ம் வந்து சேர்ந்தது. அந்நியன் ஆண்டபோது இங்கே இல்லாத விலங்கை, வேறோர் அந்நியன் பட்டறையிலிருந்து எடுத்துவந்து நம்முடைய சர்க்காரே மாட்டிற்று. இதற்குப் பெயர் சுதந்திரம்!

அந்தப் பட்டறை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். கள்ளர் முதலிய வகுப்பாரைப் பிற்காலத்தில் வாட்டியதே, அதே சட்டம்தான். அதன் இரண்டாம் பாகம் வடநாட்டுத் திருநங்கைகளுக்கென்றே எழுதப்பட்டது. போலீசு அவர்களைப் புஸ்தகத்தில் பதியும். பதிந்தபின் பெண் உடையில் தெருவில் வந்தாலும், நகை போட்டாலும், ஆடிப்பாடினாலும் இரண்டு வருஷம் வரை சிறை. பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. திருடினாரா, அடித்தாரா என்ற கேள்வியே இல்லை. சேலைதான் குற்றம். அந்த ஜனங்களோ பதிவுக்குத் தப்பியும், ஊர்விட்டு ஊர் போயும், ஆட்டத்தையும் பாட்டையும் விடாமல் பிழைத்தார்கள். 1884இல் கைராத்தி என்பவர் பெண் உடையில் பாடினார் என்று பிடித்து 377-ன் கீழ் மொராதாபாத்தில் தண்டித்துவிட்டார்கள். எந்த நாள், எந்த இடம், யாரோடு என்பதற்கு ருஜுவே இல்லை என்று அலகாபாத் ஐகோர்ட்டு விடுதலை செய்தது. 1911இல் அந்த இரண்டாம் பாகம் ஒழிந்தது. 377 மாத்திரம் நின்றது.

கொடுங்கோலன் போனாலும் அவன் சட்டம் போவதில்லை என்பதற்கு ஜெர்மனியும் சாட்சி. ஹிட்லர் 1935இல் இவர்களுக்கு எதிரான 175-ம் பிரிவைக் கடுமையாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை இளஞ்சிவப்பு முக்கோணம் குத்தி முகாமில் அடைத்தான். அவன் செத்த பிறகும் மேற்கு ஜெர்மனி அந்தப் பிரிவை 1969 வரை அப்படியே வைத்திருந்தது.

நிற்க. நம் தேசத்தில் 2009இல் டில்லி ஐகோர்ட்டு 377-ன் பல்லைப் பிடுங்கிற்று. 2013இல் சுப்ரீம் கோர்ட்டு, இவர்கள் மிகச் சிறு கூட்டம்தானே என்று காரணம் சொல்லி அதைத் திரும்ப வைத்தது. ஒரு மனிதனுக்கு மானம் வேண்டுமானால் எத்தனை பேரைக் கூட்டிவரவேண்டும்? தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. தங்கள் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் கோர்ட்டில் நின்றார்கள்; 2018 செப்டம்பர் 6இல் ஜெயித்தார்கள். காரைக்காலுக்கு 1963இல் வந்த விலங்கு அன்றைக்குத்தான் கழன்றது. ஐம்பத்தைந்து வருஷம்!

ஆனால் வீட்டுக்குள் கோர்ட்டு வருகின்றதா? மதுரைப் பெண்கள் இருவர் சேர்ந்து வாழச் சென்னைக்கு ஓட, பெற்றோர் போலீசுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டில் அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இந்த விஷயம் விளங்கவில்லை என்று சொல்லி, மனநூல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7இல், போலீசு இவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, வைத்தியம் என்று சொல்லி மாற்றப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஐகோர்ட்டு நீதிபதிக்கு இல்லாத கௌரவம் நம் தகப்பன்மாருக்கும் பஞ்சாயத்தாருக்கும் எங்கிருந்து வந்தது? பிள்ளையைக் கோடங்கியிடம் இழுத்துக்கொண்டு போய் வேப்பிலை அடிக்கின்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்.

கல்யாணத்துக்கு உரிமை இல்லை என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டதே என்பார்கள். புரோகிதன் இல்லாத நம் கல்யாணமும் செல்லாதென்றுதான் கோர்ட்டு சொல்லிற்று. 1967இல் சட்டம் செய்யும் வரையில் நம்மவர்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

சந்தேகம் இருக்கிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பெயர் போடவேண்டியதில்லை.