தெருவில் ஒரு பூப்பஞ்சாங்கம்



மன்னார்குடியைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. கோயில் பாதி, குளம் பாதி என்பார்கள். விடிகாலையில் ஹரித்ராநதிக் கரையைச் சுற்றி நடந்தவர்களுக்கு அது மிகையில்லை என்று தெரியும். 1,158 அடி நீளம், 837 அடி அகலம். 22 ஏக்கருக்கு மேல். குளம் என்று சொல்ல மனம் வராமல் நதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனி மாதத் தெப்பத்தன்று நான்கு கரையில் எங்கே நின்றாலும் கோயில் பெருமாள் ராஜகோபாலன் நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. தண்ணீர் எங்கே நிற்க வேண்டும், படி எங்கே இறங்க வேண்டும், ஜனங்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒருவர் கரையில் நின்று யோசித்திருக்கிறார். கட்டடத்தைப் போலவே கட்டடம் இல்லாத வெளியையும் யோசிக்கிற வேலை அது. இன்று அந்த வேலை செய்பவரை நிலத்தோற்றக் கலைஞர் என்கிறோம்.

அப்படி ஒருவருடைய வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அவர் நம் ஊர்க்காரர் இல்லை, ஜெர்மானியர். ஆனால் நம் பாமணி ஆற்றில் வருகிற தண்ணீர் அவர் போட்ட தோட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

பெயர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல். 1865 டிசம்பர் 18-ஆம் தேதி ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தோட்டக்கலையைக் கற்றுக்கொண்டு ஹாம்பர்க்கில் வேலை பார்த்தார். பிறகு லண்டனுக்குப் போய் ஹைட் பூங்காவில் பூப்பாத்தி அமைத்தார். அங்கிருந்து உலகப் புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனார். 1893-இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தவர் 1956 பிப்ரவரி 8-ஆம் தேதி பெங்களூரில் கண்ணை மூடினார். பிழைக்க வந்த தேசத்தில் அறுபத்து மூன்று வருஷம் இருந்தவரை அந்நியர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1908-இல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைப் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் லால்பாக்கின் வேலி அவரைக் கட்டிப்போடவில்லை. சாலை, அரண்மனைத் தோட்டம், நகர அமைப்பு என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கம் அவரிடம் யோசனை கேட்டது. விவசாயிக்குப் பயன்படுகிற செடிகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்து இந்த மண்ணில் வருமா என்று போட்டுப் பார்த்தார். தனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார எச். சி. ஜவராயா என்ற இந்தியரைத் தயார் செய்தார். பெரிய காரியம் செய்கிற பலர் இந்த ஒன்றை மறந்துவிடுவார்கள், அவர் மறக்கவில்லை.

கண்ணம்பாடி அணை என்று நம் பெரியவர்கள் சொல்கிற கிருஷ்ணராஜ சாகரின் காலடியில், 1927 முதல் 1932 வரை, திவான் மிர்சா இஸ்மாயிலின் முயற்சியில் ஒரு தோட்டம் உருவானது. பிருந்தாவனம். படிப்படியாக இறங்குகிற மேடைகள், நடுவே ஓடை, இருபுறமும் பூ. நம் தமிழ்ப் படங்களில் எத்தனை ஜோடிகள் அங்கே பாடி ஆடியிருக்கிறார்கள்! அதை வடிவமைத்தவர் கிரும்பிகல். அந்த அணையின் பெயரைக் கேட்டால் டெல்டாக்காரர் நெஞ்சில் என்ன ஓடும் என்பது எனக்குத் தெரியும். நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்த வீட்டில் பிறந்தவன்தான் நானும். அந்தக் காவிரி வழக்கு வேறு. அந்த அணையிலிருந்து மேட்டூர், மேட்டூரிலிருந்து கல்லணை, கல்லணையிலிருந்து வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணி என்று அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்து சேர்கிறது. ஒரே ஆற்றின் கரையில் இருப்பவர்கள் என்ற உரிமையில்தான் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

என்னை அவரிடம் இழுத்தது பிருந்தாவனம் இல்லை, பெங்களூர்த் தெரு. அங்கே ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொரு மரம் பூக்கத் தொடங்குகிறது. ஒரு மாதம் இளஞ்சிவப்பு, ஒரு மாதம் மஞ்சள், ஒரு மாதம் ஊதா, கோடை வந்தால் குல்மொகர் கொளுத்திப்போட்ட மாதிரி சிவப்பு. இது தற்செயல் இல்லை. எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று கணக்குப் பார்த்து, வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தெருவில் பூ இருக்கும்படி நடுகிற முறையை அங்கே கொண்டுவந்தவர் அவர். தெருவே பஞ்சாங்கமாகிவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற தோட்டம் ஒரு வகை. வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மூட்டை தூக்குகிறவர் எல்லோர் தலைக்கு மேலும் பூக்கிற தோட்டம் இன்னொரு வகை. பொதுச்சேவை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

குடும்பம்? மனைவி கேட்டி கிளாரா ஆங்கிலேயர். புருஷன் ஜெர்மானியர், பெண்டாட்டி ஆங்கிலேயர். இரண்டு நாடுகளும் இரண்டு முறை உலகப் போரில் மோதிக்கொண்டன. அந்த வீட்டுக்குள் அந்த வருஷங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதரை, எதிரி நாட்டவர் என்று காவலில் வைத்தார்கள். அவர் நட்ட மரங்கள் வெளியே நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன. விடுதலையான பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. குடும்பமும் வேலையும் வேர் பிடித்த இடத்திலேயே இருந்துவிட்டார். கல்லறை பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கிறது. லால்பாக் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு சாலையும் உண்டு. அவருடைய கொள்ளுப்பேத்தி கடல் கடந்து வந்து, அவர் நினைவைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். நான்காம் தலைமுறைக்கும் அந்தப் பாசம் வற்றவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்ததும் கதவைத் திறந்தால் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே கிடந்தது. பிடுங்கிக்கொண்ட வேர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. வேருக்குள் ஒரு ஓட்டுத் துண்டு, ஒரு பிள்ளையின் பம்பரம், தாரோடு பெயர்ந்த சாலைத் துண்டு ஒன்று. அந்த மரத்தடியில் பூக்கட்டி விற்கிற அம்மா இரண்டு நாள் கழித்து வந்து, கட்டை அறுத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பழைய குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் குடை பல மாதம் அங்கேயே இருந்தது. ஒரு தெருவுக்கு மரம் என்னவாக இருந்தது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குடைதான்.

நமக்குப் பெங்களூர் மரங்கள் வேண்டாம். அந்த மேட்டு நிலத்துக்கும் குளிருக்கும் அவை சரி. நம் வண்டல் மண்ணுக்கு நம் மரங்களே போதும். மாசியில் மந்தாரை. பங்குனியில் இலுப்பையும் வேம்பும். சித்திரையில் சரக்கொன்றை. கோடை முடிகிற நேரத்தில் மருதம். நம் நிலத்துக்கே பெயர் கொடுத்த மரம் அது. ஆடியை ஒட்டிக் கடம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமல்லி. பூவரசுக்கு மாதமே கிடையாது. ஹரித்ராநதியின் நான்கு கரையிலும், தேரோடுகிற வீதிக்கு இடைஞ்சல் இல்லாமல், இவற்றை ஒரு வரிசையில் நட்டால் கோயில் பாதி, குளம் பாதி என்கிற ஊருக்கு ஒரு பூமாலை போட்ட மாதிரி இருக்கும்.

குழி வெட்டிப் படம் எடுத்துவிட்டுப் போகிற காரியம் இல்லை இது. ஆட்டிடமிருந்து காக்க வேலி வேண்டும். மூன்று கோடைக்குக் குடம் தூக்க ஆள் வேண்டும். தண்டைச் சுற்றிச் சிமென்ட் பூசாமல் இருக்க வேண்டும். ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டாமல் இருக்க வேண்டும்.

வருகிற ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்குப் போகும்போது, கலந்த சாதத்தோடு ஒரு மருதங்கன்றையும் எடுத்துப் போங்கள். வீட்டுச் சின்னப் பிள்ளையின் கையால் நடச் சொல்லுங்கள். மூன்று கோடைக்கு அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.