கரையைப் பார்த்துக் கடலை அறிந்தவர்கள்



எல்லையூர் என்றதும் முள்வேலியும் காவலரணும் நம் நினைவுக்கு வரும். மயிலிட்டிக்கோ கடலே எல்லை. காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட இச்சிற்றூருக்கு வடக்கே, அலைகளுக்கு அப்பால் தமிழகம் இருக்கிறது. 1974இலும் 1976இலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் நடுக்கடலில் கோடு வரைந்தன. ஆனால் வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு இட்ட பெயர்கள் கோட்டின் இருபுறமும் வழங்குகின்றன.

மரபுரிமை என்றால் கோயிலையும் கல்வெட்டையும் கணக்கெடுக்கிறோம். கடற்றொழில் ஊருக்கு இன்னொரு சொத்தும் உண்டு. அது தொழிலாளியின் கண்ணிலும் நாவிலும் வாழ்வது. கருவிகள் வருமுன், கடலில் தாம் நிற்கும் இடத்தைக் கரையைப் பார்த்தே அவர்கள் அறிந்தார்கள். ஒரு கோபுரமும் பின்னால் நிற்கும் பனையும் நேருக்கு நேர் வந்தால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் வெளிச்சவீடும் ஒரு கூரையும் சேர்ந்தால் மறு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை விழும்.

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. 2017 ஜூலையில் துறைமுகமும் சூழவுள்ள 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டபோது, வீடுகள் பல தரைமட்டமாகியிருந்தன. வீடு அழிந்ததைப் பற்றிப் பேசினோம். கரையின் அடையாளங்களோடு கடலின் வரைபடமும் அழிந்ததைப் பற்றிப் பேசியவர் குறைவு.

முகாமில் பிறந்த பிள்ளைக்கு, ஊர் திரும்பும்போது இருபத்தேழு வயதுவரை ஆகியிருந்தது. தகப்பனோடு வள்ளம் ஏறிப் பழகவேண்டிய பருவம் கடந்துவிட்டது. இன்று ஜி.பி.எஸ். கருவி இடத்தைக் காட்டும். அந்த இடத்துக்குப் பாட்டன் வைத்த பெயரை அது சொல்லுமா?

எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட தமிழகப் படகுகள் பலவும் மயிலிட்டித் துறைமுகத்துக்கே கொண்டுவரப்பட்டிருக்கின்றன. எல்லைத் தகராறுகள் செய்தியாகின்றன. எல்லைக்கு முந்திய கடலறிவு செய்தியாவதில்லை.

ஜெர்மனியில் சிற்றூர்கள்கூடத் தமக்கென ஓர் ஊர்க் காட்சிச்சாலை அமைத்து, பழைய தொழிற்கருவிகளைப் பேணுகின்றன. நமக்குக் கட்டடம் பிறகு வரட்டும். முதலில் ஒரு கொப்பி போதும். செங்கை ஆழியான் தம் நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்று காற்றின் பெயரையே சூட்டினார். அதுபோன்ற சொற்களை மயிலிட்டியின் முதியவர்கள் இன்னும் நாவில் வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஆண்டே அவர்களிடம் போகவேண்டும்.