எதிர்ப்பது யார்? நீரிழிவுப் புண்ணும் ஒரு கலைச்சொல்லும்



'மருந்து எதிர்ப்பு' என்னும் கலைச்சொல்லை இன்று ஆராய்வோம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அழியாமல் கிருமிகள் நிலைத்திருப்பதை அது குறிக்கிறது. எனினும், "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்றே நம்மவர் பலர் பொருள்கொள்கின்றனர். காரணம் மொழியிலேயே உள்ளது. 'நோய் எதிர்ப்பு', 'மருந்து எதிர்ப்பு' இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகைகள். இரண்டிலும் எழுவாய் இல்லை. நோயை எதிர்ப்பது உடல். மருந்தை எதிர்ப்பதோ கிருமி. முதற்சொல்லில் பழகிய மனம் இரண்டாவதிலும் உடலையே எழுவாயாக்குகிறது.

இப்பிழையின் விலை சில வேளைகளில் ஒரு கால். மலேசியாவில் பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு கண்டது. நம் மக்கள் 'இனிப்புநீர்' என வழங்கும் இந்நோய் பாத நரம்புகளைப் பாதித்தால், புண் வலிப்பதில்லை. குருதியோட்டமும் குன்றினால், விழுங்கிய மருந்து புண்ணைப் போதிய அளவு சென்றடைவதில்லை. அங்குக் கிருமிகள் பசைப்படலம் அமைத்து ஒளிந்துகொள்கின்றன. இத்தகைய புண்களில் மிகுதியாகக் காணப்படும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில், மெத்திசிலின் மருந்துக்கு அழியாத வகை 1961இலேயே பிரிட்டனில் அறிவிக்கப்பட்டது.

எனவே மருத்துவர் மருந்தை மட்டும் நம்புவதில்லை. அழுகிய திசுவை அகற்றுகின்றனர். ஆழத்திலிருந்து திசு எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பி, எம்மருந்துக்குக் கிருமி அழியுமென அறிகின்றனர். பாதத்தின்மீது அழுத்தம் விழாமல் காக்கின்றனர். குருதியோட்டத்தையும் சர்க்கரையையும் சீராக்குகின்றனர். திறந்த புண் எதிலும் கிருமி இருக்கும். சிவப்பு, வீக்கம், வெப்பம், சீழ் போன்ற தொற்றுக் குறிகள் இல்லையெனில் நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. வீணே தருவது, அழியாத கிருமிகளுக்கே இடங்கொடுக்கும்.

உடம்புதான் பழகிவிட்டதெனில், சிலநாள் மருந்தை நிறுத்தினால் சரியாகும் என எண்ணத் தோன்றும். வலியும் இல்லாதபோது அவ்வெண்ணம் உறுதிப்படும். பழைய மாத்திரையைத் தேடியெடுப்பதும், அண்டைவீட்டாரிடம் வாங்கி விழுங்குவதும் இவ்வாறே நிகழ்கின்றன.

ஆதலின், வகுப்பறையில் 'மருந்துக்கு மடியாக் கிருமி' எனச் சொல்வோம். எழுவாய் வெளிப்பட்டால் பொருள் தெளியும். மாணவர்களே, இன்று இல்லம் சென்றதும் பாட்டி தாத்தாவின் பாதங்களைப் பாருங்கள். புண் இருப்பின், வலிக்கவில்லையே எனக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து பழகியது அவர்தம் உடம்புக்கன்று, கிருமிக்கே என்பதை அவர்தம் மொழியிலேயே எடுத்துரையுங்கள்.