மணியை அடித்தால் யார் வருவார்?



வரிப் பத்திரங்களோடு மாரடிக்கிற ஒருவர் கணினியைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் வர்த்தகம் படித்த கணக்காளர். விஞ்ஞானம் என் துறையல்ல. ஆனால் கணக்காளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாள் கைக்கு வந்தாலும், அதன் அடியில் யார் ஒப்பமிட்டிருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்போம். இன்றைய உரையும் அந்த ஒப்பத்தைப் பற்றியதே.

செயற்கை நுண்ணறிவின் ஆபத்தைப் பற்றி உலகத்தையே யோசிக்க வைத்த மனிதர் எங்கள் நகரத்தில்தான் இருக்கிறார். ஜெஃப்ரி ஹின்டன், 1987 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பேராசிரியர். படத்தைப் பார்த்து அதில் இருப்பது இன்னதென்று இனங்காணும் போட்டி ஒன்றில், 2012 இல் அவரும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஆக்கிய நிரல் மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளியது. இன்றைய வேகமான வளர்ச்சிக்கு அது ஒரு திருப்புமுனை. பிறகு கூகுள் நிறுவனத்தில் பத்தாண்டுகள் பணியாற்றிய அவர், ஆபத்துகளைச் சுதந்திரமாகப் பேசுவதற்காக 2023 மே மாதத்தில் அங்கிருந்து விலகினார். 2024 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு ஜோன் ஹொப்ஃபீல்டுடன் அவருக்கும் கிடைத்தது. பரிசுக்குப் பின்னும் அவர் எச்சரிப்பதை நிறுத்தவில்லை. மனிதரிலும் கெட்டித்தனமான இயந்திரம் ஒருநாள் மனிதரின் கட்டுப்பாட்டை மீறிப் போகலாம் என்பது அவருடைய கவலை.

அந்த நாள் வருமா வராதா என்று அறிஞர்களே பிரிந்து நின்று வாதாடுகிறார்கள். நான் சொல்ல வருவது ஏற்கனவே வந்துவிட்ட ஓர் ஆபத்து. அதற்குக் கெட்டித்தனமான இயந்திரமே தேவைப்படவில்லை. பிழை விட்ட ஒரு கணக்கு நிரல் போதுமாக இருந்தது.

லண்டனில் கடையோடு சேர்த்துத் தபால் கந்தோர் நடத்தும் எங்களவர்கள் பலர் உங்களுக்கு உறவாக இருப்பார்கள். பிரித்தானியத் தபால் நிறுவனம் 1999 முதல் ஹொறைசன் என்ற கணினிக் கணக்கு முறையைப் புகுத்தியது. இருந்த பணத்தை இல்லை என்று அது காட்டியது. துண்டு விழுந்த தொகையைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்கள் கள்ளர் ஆனார்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். வீடு வாசலை இழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்த பலருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று மறுமொழி சொல்லப்பட்டது.

நிரலில் பிழை இருந்ததென்று 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2024 மே மாதத்தில் தனிச் சட்டம் இயற்றித்தான் அவர்களில் பெரும்பாலோரின் தீர்ப்புகளை நாடாளுமன்றம் நீக்கியது. கால் நூற்றாண்டு! இயந்திரம் பிழை விடும். மனிதரும் பிழை விடுவர். ஆனால் அங்கே, இயந்திரம் சொன்னதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, எதிரே நின்று அழுத மனிதரை ஒருவரும் கேட்கவில்லை. கொடுமை அதுதான்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? நேயர்களே, நாங்கள் இந்த நாட்டில் காலூன்றியதே எங்கள் கதையை ஒருவர் நேரில் கேட்டதால்தான்.

1985 க்கு முன்னர் கனடாவில் அகதிக் கோரிக்கை தாளில்தான் தீர்மானிக்கப்பட்டது. ஓர் அதிகாரி விசாரித்து எழுதிக்கொள்வார். முடிவெடுப்பவர்கள் வேறு இடத்தில் இருந்து அந்த எழுத்தை வாசிப்பார்கள். ஆளின் முகத்தை அவர்கள் காண்பதில்லை. சீக்கிய அகதிக் கோரிக்கையாளர்கள் சிலர் வழக்குக்குப் போனார்கள். சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதே கேள்வியானால், அவரை நேரில் கேட்காமல் முடிவெடுப்பது நீதியாகாது என்று நீதிபதி பேர்த்தா வில்சன் எழுதினார். அந்தத் தீர்ப்பின் வழியாகவே 1989 இல் குடிவரவு அகதிகள் சபை உருவானது. ஏப்ரல் 4 இன்றும் இங்கே அகதிகள் உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்தச் சபையின் முன் கைநடுங்க இருந்து, மொழிபெயர்ப்பாளர் ஊடாகத் தன் கதையைச் சொன்ன ஒருவராவது எங்கள் வீடுகள் பலவற்றில் இருப்பார்.

இப்போது கதை மெல்லத் திரும்புகிறதோ என்பதுதான் என் பயம். 2018 இல் சீனா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் பார்வையாளர் விசா விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கக் குடிவரவுத் திணைக்களம் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது. பிறகு மற்ற நாடுகளுக்கும் அது விரிந்தது. விண்ணப்பத்தை மறுக்கும் முடிவை அதிகாரியே எடுப்பார், கணினி எடுக்காது என்று அரசு சொல்கிறது. இருந்தும், இலகுவானது என்றும் சிக்கலானது என்றும் முன்கூட்டியே பிரித்து வைத்த கோப்பைத் திறக்கும் அதிகாரியின் மனம் வெறுமையாக இருக்குமா? அதே 2018 இல், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வுக்கூடம் குடிவரவிலும் அகதி விசாரணையிலும் தானியங்கித் தீர்மானங்கள் புகுவது மனித உரிமையைப் பாதிக்கலாம் என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. 2019 ஏப்ரலில் மத்திய அரசும் இதற்கு ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. பாதிப்பு எவ்வளவு என்று முன்னரே மதிப்பிட வேண்டும், காரணத்தை விளக்க வேண்டும், பாரதூரமான முடிவுகளில் மனிதர் இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதி. கேட்பவர் இருந்தால்தான் விதிக்கு உயிர்.

கேட்டவர் ஒருவர் வென்ற கதையும் உண்டு. 2022 இல் பாட்டியின் மரணத்துக்காக வன்கூவரிலிருந்து ரொறன்ரோ வந்த ஒருவருக்கு, எயர் கனடாவின் இணையத்தள உரையாடி சலுகைக் கட்டணம் பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அந்த உரையாடி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் தளத்தில் உள்ளது அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, 650 டொலருக்குச் சற்றுக் கூடிய நட்டஈட்டை வட்டி, செலவுகளோடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது, அதில் உள்ள நியாயம் பெரிது.

தொழில்நுட்பத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்த நெருப்பை நெஞ்சில் சுமக்கும் எங்களுக்கு, 2005 இல் தொண்டர்கள் தொடங்கிய இணைய நூலகம் எத்தனை ஆறுதல்! கருவி நல்லதுதான். கருவிக்குப் பின்னால் பொறுப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

எல்லாள மன்னன் வாசலில் மணி கட்டியிருந்தான் என்று படித்திருக்கிறோம். கன்றை இழந்த பசு அடித்தபோதும் அரசன் வெளியே வந்தானாம். மணியின் பெருமை அதன் ஓசையில் இல்லை. ஓசை கேட்டு ஒருவன் எழுந்து வந்ததில் இருக்கிறது. நாளைய உலகில் மணிகள் நிறைய இருக்கும். பொத்தான்களும் இருக்கும், இனிமையான குரல்களும் இருக்கும். அடித்தால் ஆள் வருவாரா என்பதே கேள்வி.

ஆகவே சில அலுவல்களைப் பழக்கமாக்குவோம். அரசிடமிருந்தோ வங்கியிடமிருந்தோ மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தீர்மானித்தது யார் என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு, கடிதம், திரையில் வந்த பதில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். ஊரிலிருக்கும் உறவுக்கு விசா மறுக்கப்பட்டால், அவருடைய சம்மதக் கடிதத்தோடு, தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 5 டொலர் கட்டி, அதிகாரியின் குறிப்புகளை இங்கிருந்தே பெறலாம். ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்கு இவற்றைச் செய்து கொடுப்பது எங்கள் பிள்ளைகளின் கடமை. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று கணினித்துறையில் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் எழுதும் நிரலால் பாதிக்கப்படும் மனிதர் யாரிடம் போய் முறையிடுவார்? அதற்குப் பதில் இல்லாவிட்டால், அந்த வேலை இன்னும் முடியவில்லை.

எங்களை ஒருவர் நேரில் கேட்டார். எங்களுக்குப் பின்னால் எந்த நாட்டிலிருந்து வருபவரானாலும், அவரையும் ஒருவர் நேரில் கேட்கவேண்டும்.