பழம்பொருளால் ஒரு புதுமனை

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கங்கைக் கரையில் குடியேறித் தலைமுறைகள் கண்டுவிட்ட நம்மவருள், பணி ஓய்வுக்குப்பின் சொந்தமனை ஒன்று எழுப்ப எண்ணாதார் மிகச் சிலரே. மனை என்றதும் சிமெண்டு மூட்டையும் இரும்புக் கம்பியுமே நினைவுக்கு வருகின்றன. மண்ணும் பழம்பொருளும் கொண்டு, வெளிமின்சாரத்தை நம்பாத வீடு கட்டலாம் என்றால், "வறியோர் குடிசைக்கா அழைக்கின்றீர்?" என நம் வீட்டாரே நகைப்பர். அந்நகைப்புக்கு விடை சாந்திநிகேதனத்தில் நிற்கின்றது.

1935ஆம் ஆண்டில் கவி இரவீந்திரர் தம் முதுமைக்கென மண்ணால் ஒரு வீடு வேண்டினார். சுரேந்திரநாத் கர் அதனை வகுத்தார். நந்தலால் போஸும் ராம்கிங்கர் பைஜும் புறச்சுவர்களைப் புடைப்புருவங்களால் அணிசெய்தனர். 'சியாமளி' என்பது அதன் பெயர். சுவருக்குள் மட்பானைகளை அடுக்கி மண் பூசினர். பானையுள் அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையை எளிதில் உள்ளே விடாது. மச்சின்மேல் பானைகளைக் கவிழ்த்துக் காரையிடும் நம் நாட்டுக் கொத்தருக்கும் இந்நுட்பம் புதிதன்று. காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும் 1940இல் இவ்வீட்டில் தங்கினர். இதனை வறியோர் குடிசை என்பார் உளரோ?

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. மண்வீடு ஆண்டுதோறும் மனிதர் கையை வேண்டும். வங்கத்து மழை மண்கூரைக்குப் பகை. சியாமளியும் செப்பனிடல் பல கண்டதே. நம் பிள்ளைகளோ வெளியூர்களில் பணிபுரிகின்றனர். ஆண்டுக்கொரு முறை சுவர் மெழுக யார் வருவர்? ஆதலின் முழு மண்வீட்டை நாம் எல்லோர்க்கும் பரிந்துரையோம்.

நமக்கு ஏற்ற வழியைத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் காட்டினார். ஆங்கிலநாட்டிற் பிறந்தும் இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அவர் எழுப்பிய சுவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும், வெப்பமும் குறையும். பழைய ஓடுகளைக் கூரைத் தளத்தின் இடையே பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். இடித்த வீடுகளின் கதவுகளையும், எறிந்த கண்ணாடிப் புட்டிகளையும்கூட அவர் விட்டுவைத்தாரில்லை.

கல்கத்தாவில் இப்பொருள்களுக்கா பஞ்சம்? தெற்குப் பகுதியில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. எழுத்தாளர் அமித் சவுதுரி முதலியோர் 2015 முதல் அவற்றைக் காக்க முயல்கின்றனர், அம்முயற்சி வெல்க! வெல்லாதவிடத்து, அவ்வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளும், வங்காளத்தார் 'கொர்கொரி' என்னும் பச்சைச் சாய்சட்டச் சன்னல்களும் அடுப்புக்கு இரையாதல் கொடுமையன்றோ? சன்னலை மூடியபோதும் காற்றை உள்ளே விடும் அச்சட்டங்கள், இந்நகரின் புழுக்கத்திற்கென்றே பிறந்தவை. வாங்குங்கால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற மரம் வெற்றொலி தரும். நிலையின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு பின்னர்ச் சுவர் எழுப்புங்கள். கொத்தர் முணுமுணுப்பர், பொருட்படுத்த வேண்டா.

மின்சாரத்திற்கு, கங்காசாகரம் சென்றோர் சாட்சி. அத்தீவில் 1990களிலேயே சூரிய ஒளியால் மின் ஆக்கும் சிறு நிலையங்கள் அமைந்தன. கழிவுநீருக்கோ, நகரின் கிழக்கே பாருங்கள். 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நீர்நிலைகளில், நாம் வெளியேற்றும் அழுக்குநீர் வெயிலிலும் பாசியிலும் தெளிந்து மீனையும் காய்கறியையும் வளர்க்கின்றது. சைவர்களாகிய நம்மிற் பலர் மீனை விலக்கினும், தாபா நிலத்துக் காலிப்பூவை விலக்கினோமில்லை!

வரும் பௌஷ மாதத்தில் சாந்திநிகேதனம் செல்வோர், மேளாவோடு திரும்பாது, உத்தராயண வளாகத்துள் சியாமளியையும் காணுங்கள். கொத்தர் எவரேனும் உடன்வரின் இன்னும் நன்று.