ஆவணமே நம் அரண்
(வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



செங்கற்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 முதல் நம் முன்னோர்க்குப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பெற்றன. முதல் பத்தாண்டுகள் விற்றல் கூடாது. அதன் பின்னரும் நம்மவரல்லாதார்க்கு மாற்றுதல் கூடாது என்பது நிபந்தனை. அவ்வாறிருந்தும் அந்நிலங்களுள் பல பிறர் கையில் உள்ளன. மீட்கச் செல்வோரிடம் முதலில் கேட்கப்படுவது ஒப்படைப்பு ஆணையே. நிலம் நம்முடையதென்று ஊரே அறிந்திருக்கலாம். நீதிமன்றமோ ஆவணத்தையே கேட்கும்.

இப்பாடத்தை நம் சங்கம் மறத்தலாகாது. கிரயப் பத்திரம், பதிவுச் சான்று, தீர்மானப் புத்தகம், கணக்கேடுகள் ஆகியவற்றை நம் இளைஞர்கள் ஸ்கேன் செய்து 'கிளவுட்' எனும் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி வருகின்றனர். பாராட்டுக்குரிய பணி. எனினும், ஏற்றுதல் வேறு, பேணுதல் வேறு.

கூகுள் டிரைவில் நாம் நீக்கிய கோப்பு முப்பது நாள்களில் அறவே அழிந்துவிடும். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை அந்நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கிற்று. சங்கத்தின் ஆவணங்கள் ஓர் இளைஞரின் சொந்தக் கணக்கில் இருந்து, அவரும் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டால் நம் நிலை என்னாகும்?

சட்டம் கூறுவதையும் அறிவோம். மின்பதிவு பிற்காலத்தும் திறந்து பார்க்கத்தக்கதாய், உருமாறாததாய், எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது, அனுப்பப்பெற்ற அல்லது பெறப்பெற்ற நாளும் நேரமும் யாவை என்று காட்டுவதாய் இருத்தல் வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்பதிவைச் சான்றாக அளிப்போர் அதனுடன் சான்றிதழும் தருதல் வேண்டும். அதில் 'ஹாஷ்' மதிப்பு குறிக்கப்பெறும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அம்மதிப்பு மாறிவிடும்.

அச்சட்டத்தின் 92-ஆம் பிரிவு நமக்கு மிக வேண்டியது. முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய காப்பிலிருந்து கொணரப்பெற்றால், அதன் கையொப்பம் உண்மையானதே என நீதிமன்றம் அனுமானிக்கலாம். இச்சலுகை மூலத்தாளுக்கே உரியது, நகலுக்கன்று. ஆதலின், ஸ்கேன் செய்துவிட்டோமென்று மூலத்தைக் கைவிடுதல் பெரும் பிழை.

நாம் செய்யத்தக்கவை இவை. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். திறக்கும் உரிமை இரு பொறுப்பாளரிடம் இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லும் மாறட்டும். பத்திரம், பதிவுச் சான்று, துணைவிதிகள், தீர்மானப் புத்தகம், தீர்ப்புகள் ஆகியவற்றை என்றும் அழித்தலாகாது. ரசீதுகளைச் சட்டம் குறித்த காலம் முடியும்வரை வைத்திருந்து, பின் தீர்மானம் நிறைவேற்றியே நீக்குதல் வேண்டும். வழக்கு நிலுவையிலிருப்பின் அது தொடர்பான எதையும் தொடலாகாது. மற்றொரு படியை வன்தட்டில் வேறோரிடத்தில் வைத்து, ஆண்டுதோறும் திறந்து சோதித்தல் நன்று.

மாணவர்தம் சாதிச் சான்று நகல்களோ வேறு வகையின. உதவித்தொகைப் பணியும் தணிக்கையும் முடிந்தபின் அவற்றை அழித்துவிடுதலே முறை. நம்பிக் கொடுத்த பிள்ளைகளின் விவரம் எவர் கண்ணிலும் படுமாறு கிடத்தல் தகாது.

நம் முன்னோர் பெற்ற நிலத்தை ஆவணமின்றி இழந்தோர் பலர். நாம் எழுப்பிய இக்கல்விச்சாலையை நம் பேரர் அவ்வாறு இழத்தலாகாது. இளைஞர்களே, இவ்வாண்டே இப்பொறுப்பினை ஏற்பீராக!