புது வீடு யாருக்கு? பழைய லயத்தில் யார்?

(பெரகலயில் நடந்த வீடமைப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டத்துக்கு வீட்டுத் திட்டம் வந்தால் "எத்தனை வூடு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். இன்று நாங்கள் வேறொரு கேள்வியை வைக்கிறோம். வீடு கட்டி முடிந்த பிறகு நம்ம சனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு குறைஞ்சிச்சா, கூடிச்சா?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் கஷ்டம் ஆயிரம். ஆனாலும் பக்கத்துக் காம்பிராவும் அதே அளவுதான். இந்திய உதவித் திட்டத்தில் 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு லயத்தில் பாதிப் பேர் தனிவீட்டுக்குப் போனால், மீதிப் பேர் ஒழுகும் தகரத்தின் கீழேதான் இருக்கிறார்கள்.

இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. இந்தச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் மீரியபெத்தை. அந்த மலை ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களில் பலர் மகல்தெனியப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காத்துக் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கிடைத்தன. அந்த வீடுகளைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் 2023 மார்ச் 19ஆம் திகதி பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோது, அங்கேயும் சனங்கள் லயக் காம்பிராவில்தான் இருந்தார்கள். ஒரு மலைக்கு வீடு வந்தது. பக்கத்து மலை காத்திருந்தது.

ஆகவே எந்தத் திட்டமானாலும் நாலு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, ஆபத்தான இடத்தில் இருப்பவர்களின் பேர் பட்டியலில் முதலில் இருக்கிறதா?

இரண்டு, செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டுமா? கைக்காசுக்கு வேலை செய்பவர், பென்சன் எடுத்த கிழவன் கிழவி, ஒரே காம்பிராவில் ஒண்டியிருக்கும் இரண்டாவது குடும்பம், இவர்களின் கதி என்ன?

மூன்று, உறுதிப் பத்திரம் யார் பேரில்? கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பேரும் அதில் வேண்டும். இல்லாவிட்டால் புருஷன் கோபத்தில் "வெளியே போ" என்றால் அவள் எங்கே போவாள்?

நான்கு, மிஞ்சிய லயத்துக்குத் தண்ணீர், கக்கூஸ், கூரை வேலை நடக்கிறதா? "அடுத்த தடவை வீடு வரும்" என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிடுவது அநியாயம்.

அத்திவாரம் வெட்டுமுன் பேர்ப்பட்டியலைப் பெரட்டுக்களத்தில் ஒட்டும்படி கேளுங்கள். யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும். குடிபுகுந்து ஒரு வருஷம் ஆனதும் தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து புது வீட்டையும் பழைய லயத்தையும் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். திறப்பு விழாவில் எண்ணியது வீட்டை மட்டும். நாங்கள் எண்ணச் சொல்வது ஆட்களை.